கிராணியின் உள்ளங்கை வட்டு

பாட்டில் மூடி அளவுக்கு ஒரு தகர வட்டு. பின்புறம் மோதிரம் போல ஒரு வளையம், முன்புறம் நடுவில் சின்னப் பொத்தான். வளையத்தை நடுவிரலில் மாட்டி வட்டை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாது, விரலில் மோதிரம் போட்ட ஒரு படித்த மனிதர் கைகொடுக்க வருகிறார் என்றுதான் தோன்றும். கையைப் பிடித்ததும் பொத்தான் அமுங்கும். உள்ளே முறுக்கி வைத்த கம்பிச் சுருள் 'விர்ர்' என்று அவிழ்ந்து, கரண்டு அடித்த மாதிரி தோள்பட்டை வரை உதறும். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி அதைப் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியதாகச் சொன்னார். ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிற இடத்தில் அவர் கண்ணுக்கு அதுதான் பட்டிருக்கிறது.

அவரை இன்றும் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஏழாம் வகுப்பான படிவம் ஒன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு கிராணியை 'அவன்' என்று எழுதக் கை வராது. மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், வெறும் பழக்கம்.

வட்டுக்கு மூலம் ஒரு படக்கதை. கோலாலம்பூரிலிருந்து பெட்டி நிறைய இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்களோடு வந்தவர் அவர். எனக்கு எழுத்து புரியாது, படம் புரியும். தொப்பி வைத்த ஒரு வில்லன் சிரித்துக்கொண்டே கைகொடுக்கிறான். அடுத்த கட்டத்தில் கையைப் பிடித்தவன் கரிக்கட்டை. அதற்கடுத்த கட்டத்தில் வில்லன் மட்டும் இருக்கிறான், இன்னும் சிரித்துக்கொண்டு. கிராணி மத்தியான ஓய்வில் எங்களைச் சுற்றி உட்காரவைத்து இதைப் பாடமே நடத்துவார். புத்தகத்தில் ஆள் செத்துவிடுவான், டிவி கார்ட்டூனில் தலைமுடி நட்டுக்கொண்டு காதில் புகை வரும், சினிமாவில் அதையே பெரிய பாட்டு, வெளிச்சமெல்லாம் போட்டுக் காட்டுவார்கள் என்பார். இப்போது என் பேத்தியின் கைத்தொலைபேசி விளையாட்டிலும் அதே மாதிரி ஒருவன் இருக்கிறான். அவனிடம் கைகொடுத்து விழுகிறவன் எழுந்து மறுபடி ஓடுகிறான். நானும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். செத்தவன் வீட்டை எதிலும் காட்டவில்லை. கொன்றவனுக்குத்தான் நல்ல நல்ல வசனம். இதற்கு ரசிகர்கள் வேறு.

கிராணியின் கையைப் பிடித்துத் துள்ளியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள் என்பது உண்மைதான். கிராணி சிரிக்கும்போது தொழிலாளி சிரிக்காமல் என்ன செய்வான்? ஓவர்டைம் போடுகிற கை அது. அவருக்கு அது புரியவே இல்லை. தன்னை எல்லாருக்கும் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். யாராவது முகம் சுளித்தால் ஒரே பதில்தான்: "சும்மா ஜோக் லா அண்ணே."

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனைத்தான் ரோலர் சுவிட்சில் நிறுத்தியிருந்தார்கள். வாடிய இலையைச் சுருட்டுகிற இயந்திரம் அது. கீழே அகலமான பித்தளைத் தட்டு, மேலே ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. உருளை தட்டின் மேல் அரைத்துச் சுழலும். தட்டில் ஒட்டிக்கொள்ளும் இலைப் பிசினைச் சுரண்ட, நிறுத்திய இயந்திரத்துக்குள் ஓர் ஆள் இடுப்பு வரை குனிந்து நுழைய வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அந்த ஆள் என் மனைவியின் அண்ணன். என் மச்சான்.

சுவிட்ச் மறுபக்கச் சுவரில் இருந்தது. அங்கே நின்றால் உள்ளே குனிந்திருப்பவன் தெரியமாட்டான். பக்கத்து ரோலர்கள் போடுகிற சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. நான் சுவரைப் பார்த்து நின்று, வலது கையை இயந்திரத்தை ஓடவிடுகிற பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கையைப் பின்னால் விரித்து நீட்டியிருப்பேன். உள்ளே போனவன் வெளியே வந்து, சுற்றி நடந்து, தன் கையை என் கையில் அறைந்து வைக்க வேண்டும். கை வந்தால்தான் பொத்தான். அந்த இடத்தில் வேறு யாரும் என் கையைத் தொடமாட்டார்கள், வழி தவறி வந்த பூனையைக்கூட விரட்டிவிடுவார்கள். எந்தத் துரையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எப்போதோ நடந்த ஒரு சாவுக்குப் பிறகு தொழிலாளிகளே வைத்துக்கொண்ட முறை.

கிராணி அதைப் பல நாள் பார்த்திருக்கிறார். பார்த்தவருக்கு அதில் ஓர் உயிர் தெரியவில்லை, பின்னால் நீட்டிய ஒரு கைதான் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மச்சான் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். என் இடது கையில் ஒரு கை வந்து விழுந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. வலது கை பொத்தானை நோக்கி நகர்ந்தது தெரியும். அதே நேரம் இடது கை விர்ரென்று உதற, நான் அலறிக்கொண்டு சுவரை விட்டு விலகி இலைக்கூடைகள் மேல் விழுந்தேன். மேலே கிராணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் தரையிலிருந்தே இயந்திரத்தின் கால்களுக்கு நடுவே மறுபக்கத்தைப் பார்த்தேன். மச்சானின் ரப்பர் பூட்ஸ் இரண்டும் அங்கே நின்றன. மீதி ஆள் உள்ளே இருந்தான்.

அவன் ஒன்றும் அறியாமல் வேலையை முடித்து, பிசின் ஒட்டிய கையோடு சுற்றி வந்து, விழுந்து கிடந்த என்னிடம் அந்தக் கையை நீட்டினான். எனக்கு அதைப் பிடிக்கத் தெம்பு இல்லை.

"என்ன மச்சான், பேயடிச்ச மாதிரி கெடக்குற?" என்றான்.

பக்கத்து ரோலர்காரன் வந்து நடந்ததைச் சொன்னான். மச்சானின் முகம் வெளுத்தது. கிராணிக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு வட்டைத் தூக்கிக் காட்டினார். "பார்த்தீங்களா, இது அடிக்கப் போய்த்தான் அண்ணே சுவிட்ச விட்டு விழுந்தாரு. இது மட்டும் இல்லன்னா அமுக்கியிருப்பாரு லா. காப்பாத்தினதே இதுதான்!"

அந்தப் பேச்சுதான் இத்தனை வருடமாக என்னை அரிக்கிறது. வீட்டைக் கொளுத்தியவனே முதல் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிற கதை. அந்தக் கையை அவர் நீட்டாமல் இருந்திருந்தால் அமுக்குவதற்கே இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் படுத்தால் ஒரு கேள்வி வந்து உட்காரும். வட்டு இல்லாத வெறும் கையாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இதை என் தலைக்குள் வைத்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

அவருடைய படக்கதை மாதிரியே இந்தக் கதையும் இடம் மாறி இடம் மாறி வளர்ந்தது. தானா ராத்தா ஊரில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயோடு சொன்னபோது அது ஒரு வேடிக்கைச் சம்பவம். அவர் மாற்றலாகிப் போகும்போது வைத்த விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னபோது, அவர் ஆபத்தை முன்கூட்டியே பார்த்து ஓடி வந்ததாக ஆகிவிட்டது. மேனேஜர்கூடக் கைதட்டினார். இப்போது ஓய்வு பெற்று, கைத்தொலைபேசியில் வீடியோ போடுகிறவராகிவிட்டார். பேத்திதான் காட்டினாள். தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, அதே வட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஒரு தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றிய விளையாட்டுப் பொம்மை' என்று பேசுகிறார். மச்சானுக்கு அதில் பெயர்கூட இல்லை. கீழே ஆயிரம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அவரே நேரில் வந்தார். சம்பவத்தை அதே இடத்தில் நடித்துப் படம் எடுக்க வேண்டுமாம், புது மேனேஜர் அனுமதி கொடுத்துவிட்டார். கூடவே கேமராவோடு ஒரு பெண். நான் இன்னும் அதே சுவிட்சில்தான் இருக்கிறேன், மச்சானும் அதே ரோலரில். சுத்தம் செய்ய இயந்திரத்தை நிறுத்தியிருந்த நேரம். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன், திரும்பி வந்து இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க உள்ள குனிஞ்சு நில்லுங்க, பழைய மாதிரியே," என்று கிராணி மச்சானைப் பார்த்துச் சொன்னார். "நான் பின்னால வந்து இவருக்குக் கை கொடுப்பேன். அவ்வளவுதான்."

மச்சான் சுரண்டியைக் கீழே வைத்தான். கோபமே இல்லாத குரலில் சொன்னான்: "நான்தான் எத்தனையோ வருசம் குனிஞ்சாச்சே, கிராணி. இந்தத் தடவ நீங்க உள்ள போங்க. மச்சான் சுவிட்ச்ல நிக்கட்டும். நான் பின்னால வந்து கை கொடுக்கறேன். அந்தப் பொம்மைய என்கிட்ட கொடுங்க."

கிராணி சிரித்தார். எங்களில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. பக்கத்து ரோலர்காரர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டை அழுக்காயிடும் லா," என்றார்.

"பரவால்ல சார், போங்க," என்றாள் அந்தப் பெண், கேமராவைத் தூக்கிக்கொண்டே. அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. "அவர் சொல்றது இன்னும் நல்லா இருக்கும். சும்மா ஜோக்தானே சார்?"

அவர் இயந்திரத்துக்குக் கிட்டே வந்தார். உருளைக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இருட்டு இடைவெளியைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவருக்குப் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். எங்கள் தொழிற்சாலையில் அத்தனை காலம் சம்பளம் வாங்கிய மனிதர் அந்த ரோலரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். தலையை உள்ளே நுழைக்கவில்லை.