எதிர்வீட்டுக்காரர் உருட்டி வந்த குற்றி

ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில், குளிருக்கு விறகு அடுப்பை விட்டால் வேறு வழியில்லை. வேறு யாரும் எடுக்காத வீடு என்பதால்தான் எங்களுக்குக் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது, அப்பாவுக்கு ஐம்பத்தைந்து. நான் பிந்திப் பிறந்த பிள்ளை.

விறகு கொத்துவது அப்பாதான். வருடத்துக்கு வருடம் அவர் கொத்திய விறகு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் என் மணிக்கட்டளவு தடிப்புத்தான். அப்பாவின் வேலை அவ்வளவு நேர்த்தி என்று நான் பெருமைப்பட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு ஜெர்மன்காரர், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்பாவைவிட மூத்தவர். ஆனால் ஆள் எருமை மாதிரி. ஒருநாள் எங்கள் விறகடுக்கைப் பார்த்துவிட்டு என்னிடம், “இதென்ன, பொம்மை வீட்டுக்கா விறகு? பெரிய மரமென்றால் உன் அப்பாவுக்குப் பயமா?” என்று கேட்டார்.

நான் வாய்க்காரி. “உங்களிடம் இருப்பதிலேயே பெரியதைக் கொண்டுவாருங்கள், பார்ப்போம்” என்று ஜெர்மனில் திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த மனிதர் ஒரு பீச் மரக்குற்றியை உருட்டிக்கொண்டு வந்தே விட்டார். லொறிச் சில்லு அளவு அகலம்.

“ஆர் இவரிட்டை இதைக் கேட்டது?” என்றார் அப்பா.

“நான்தான். நீங்கள் கொத்துவியள்தானே?”

“உனக்கு வாய் கூடிப்போச்சு.”

அம்மா வாசலில் நின்று, “இஞ்சையப்பா, ஏலாதெண்டு சொல்லி விடுங்கோ. இதிலை என்ன வெக்கம்?” என்றாள்.

“ஆருக்கு ஏலாது?” அப்பா கோடாலியை எடுத்துவிட்டார்.

நடுவில் ஓங்கிப் போட்டார். கோடாலி துள்ளித் திரும்பியது. மறுபடி போட்டார். அதே கதை. எதிர்வீட்டுக்காரர் கைகட்டி நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா கோடாலியை ஊன்றிக்கொண்டு குற்றியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு நடுவை விட்டுவிட்டு விளிம்பில் போட்டார். ஒரு சிறாய் பிளந்து விழுந்தது. அரையடி நகர்ந்து மறுபடி விளிம்பில். தோடம்பழம் உரிப்பதுபோலச் சுற்றிச் சுற்றி உரித்தார். மத்தியானம் தாண்டி, நடுத்தண்டு மட்டும் மிஞ்சியது. ஒரே போடு. இரண்டாய்ப் போனது.

எதிர்வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றிருந்தது. கிட்ட வந்து கை நீட்டினார். அப்பா இடது கையைக் கொடுத்தார். இடது கையைக் கொடுத்து அவரை நன்றாக அவமானப்படுத்திவிட்டார் என்று நான் துள்ளிக் குதித்தேன். அந்த ஜெர்மன்காரருக்கு அது விளங்கவில்லை என்பதுதான் எனக்கு ஒரே குறை.

பின்னேரம் அம்மா சோறு குழைத்தாள். உருண்டை பிடித்து அப்பாவின் வாயில் ஊட்டினாள். வென்ற ஆளுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

“சவால் விட்டது நான்தானே, எனக்கும் தாங்கோ” என்று வாயைத் திறந்தேன்.

“ஓம், அவளுக்கும் ஒண்டு குடும்” என்றார் அப்பா. வலது கையை மடியில் வைத்தபடியே இருந்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்றும் சொல்கிறேன். என் அப்பா அந்தக் குற்றியைப் பிளந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு கொத்தியது அம்மா. அவ்வளவு பெரிய குற்றியைப் பிளந்த மனிதருக்கு இந்தச் சில்லறை வேலை எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.