பின்னால் இருந்த மொட்டை

எங்கள் பாகூரில் ஆறு சிலிண்டர் மோட்டார் கார் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில், டயர்கள் தேய்ந்ததும் புதிதாக வாங்கிய இரண்டையும் ஊரார் கண்ணில் படட்டுமென்று முன்சக்கரங்களுக்கே போட்டேன். தேய்ந்தவை பின்னால் போயின.

ஒரு மழைநாளில், திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்திருந்த மச்சினனைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினேன். கிருமாம்பாக்கம் வளைவில் வேகம் கொடுத்ததும் வண்டியின் பின்புறம் வழுக்கி ஆடியது. பயந்து நிறுத்தினேன்.

சைக்கிளில் வந்த மோட்டார் ரிப்பேர்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாங்க, மொட்டைய பின்னால வெச்சிக்கினு மழையில போறீங்க? கவுத்துடும்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சகுனம் சொல்கிறார் என்றே நினைத்தேன். மச்சினனை இறக்கிவிட்டு, "நடந்து வாப்பா" என்றேன்.

"இன்னா மாமா, சாமிக்குக் குடுத்த முடி மாமா!"

காதில் வாங்காமல் கிளம்பினேன். அடுத்த வளைவில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக நெல்வயலில் இறங்கியது. இடுப்பளவு சேற்றில் நின்றேன்.

குடை பிடித்து வந்த மச்சினன் பின் டயரைத் தடவினான். பிறகு தன் தலையைத் தடவினான்.

"எனக்காவது கொஞ்சம் மொளைச்சிருக்குது மாமா. இதுல ஒண்ணுமே இல்ல."

இப்போதெல்லாம் புது டயர் பின்சக்கரங்களுக்குத்தான். மச்சினனுக்கு முன் சீட்டு.