நாலாவது பெட்டி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைப் பிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஒரு மழை நாளில், கழன்றுபோன ஸ்குரூவை மாட்டித் தரச் சொல்லி ஒரு பெரியவர் வந்து காத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் மேஜைக் கண்ணாடியில் விரலால் ஏதோ செய்துகொண்டிருந்தார். குட்டையாக ஒரு தட்டு, நீளமாக ஒரு தேய்ப்பு. பின்னறையில் அவள் கை நின்றுவிட்டது. 'லேட், லேட், லேட்' என்று மனுஷர் மோர்ஸ் தந்திக் குறியில் திட்டிக்கொண்டிருந்தார்.

யோசிக்கக்கூட இல்லை. திருப்புளியின் பிடியை எடுத்து, 'ரெண்டு நிமிஷம்' என்று தடுப்புப் பலகையில் தட்டிவிட்டாள்.

தடுப்புக்கு மேலே ஒரு வழுக்கைத்தலை எழும்பியது. "யாரும்மா அது?"

"நான்தான் சார். ஸ்குரூ மாட்டிட்டு இருக்கேன்."

"எங்க கத்துக்கிட்டே?"

காலேஜில்தான். இருபது வயதில், வீட்டிலிருந்தே வானொலியில் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கியவள் அவள். கல்யாணத்துக்கு அப்புறமும் ஏழு வருஷம் விடாமல் பேசினாள். மூத்த மகள் பிறந்தாள், குடிபோன மூன்றாவது மாடி வீட்டில் மொட்டைமாடியில் ஏரியல் கட்ட ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ரேடியோப் பெட்டியைத் தூக்கி ஹாம் கிளப்புக்குக் கொடுத்தாள். லைசென்ஸும் காலாவதியானது. அதற்காக அவள் அழுது புரண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நேரம் இல்லை, அவ்வளவுதான்.

பெரியவர் முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். இப்போது அவரும் ஹாம்தான்; வானொலியில் எல்லாருக்கும் அவர் கப்பல்காரர். "கை மறக்கலையே! மறுபடியும் பரீட்சை எழுது" என்றார். "பாக்கலாம் சார்" என்று சொல்லி அனுப்பியவள் அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டாள். தன் சின்ன மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுதிப் பாஸும் செய்தாள்.

இப்போது இருப்பது சொந்த வீடு. மாடியில் ஏரியல் கம்பி கட்ட அவள் கணவர்தான் கயிறு பிடித்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எதையும் நேரம் பார்த்துச் செய்கிறவர். "பதினோரு நிமிஷம் ஆச்சு" என்று கீழே இறங்கினார். மறுநாள் காலையில் அந்தக் கம்பியில் பக்கத்து வீட்டம்மாவின் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

மூடப்போகிற ஒரு தொழிற்பள்ளியின் சாமான் அறையில் அவளுக்கு ஒரு பழைய வால்வு ரிசீவர், கேட்க மட்டும் உதவும் பெட்டி, கிடைத்தது. சாம்பல் நிறம், உள்ளங்கை அகலத்துக்கு டயல் குமிழ். உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றி, ஒரேயடியாகப் பாயாதபடி நடுவில் ஒரு பல்பைச் சேர்த்து மெதுவாக மின்சாரம் ஏற்றினாள். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பெட்டி பாடியது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த ரிசீவர் ஒற்றைப் பிள்ளை இல்லை. அதே கம்பெனி, அதே நிறம், அதே குமிழோடு ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு பவர் சப்ளை, ஒரு ஸ்பீக்கர் என்று அதையும் சேர்த்து மொத்தம் நாலு உடன்பிறப்பு. அழகுக்காக மட்டும் இல்லை. ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒயரால் இணைத்துவிட்டால், ஒரு குமிழைத் திருப்பினாலே இரண்டும் ஒன்றாக நகரும். வேறு கம்பெனிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் அது நடக்காது.

"ஊரே ஒரு போனைக் கையில வச்சிக்கிட்டுப் பேசுது. உனக்கு மட்டும் நாலு பெட்டியா?" என்றார் கணவர்.

"உங்களுக்கு ஒரு பஸ் போதும்னா டிப்போ எதுக்குங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார்.

டிரான்ஸ்மிட்டரும் பவர் சப்ளையும் கிடைக்க ஒரு வருஷம் ஆனது. அதுவரை கிளப்பில் இரவல் வாங்கிய சின்ன செட்டில், வேலைக்குப் போகுமுன் தினமும் காலை ஆறரைக்குக் கப்பல்காரரோடு மோர்ஸில் பேசுவாள். தேடுவதைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்வாள். ஸ்பீக்கர் மட்டும்தான் பாக்கி என்றதும், 'கஷ்டம்தான்' என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, அவருக்குப் புதுக் கண்ணாடி தயாரானது. வழியில்தானே என்று வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள். மேஜையடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் எதன்மேல் இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் துணி வலை. மூலையில் அதே கம்பெனி முத்திரை.

"சார், இது..."

அவர் காலை எடுத்துக்கொண்டார்.

"பதினாலு மாசமா தேடுறேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

கப்பல்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஒரு தடவை விட்டவதானே நீ? இந்தத் தடவையும் நீ பாதியில விட்டுடுவேன்னு நெனச்சேன். விட்டா மத்த மூணையும் நான் வாங்கிக்கலாம்னு பாத்தேன். எனக்கும் அந்த செட் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு."

கண்ணாடி டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். பெட்டியை ஒளித்ததைக்கூட மன்னித்திருப்பாள். 'விட்டவ' என்ற சொல்தான் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் அது உண்மை.

மூன்று வாரம் அவள் அவருக்குப் பதில் கொடுக்கவில்லை. ஆறரைக்கு ரிசீவரைப் போட்டு ஹெட்போனை மேஜைமேல் வைப்பாள். அவர், லைசென்ஸோடு வந்த அவள் அழைப்புக்குறியைத் தட்டி அழைப்பார். கேட்டுக்கொண்டே காபி குடிப்பாள். பக்கத்தில் பேப்பர் படிக்கும் கணவர்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பாவம், இருபது நிமிஷமா கூப்பிடுறாரு" என்றார்.

"கூப்பிடட்டும்."

நாலாவது வாரம் கடை திறந்த கையோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கப்பல்காரர் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். மூச்சு வாங்கியது. கடைக்கார முதலாளி, "சார், இங்க கண்ணாடி மட்டும்தான்" என்றார்.

"எனக்குத் தெரியும்யா. அந்தம்மாவைக் கூப்பிடு."

அவள் வந்தாள். பெட்டியின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மேல கால் பட்ட தேய்மானம் இருக்கும். பாலிஷ் போட்டா போயிடும்" என்றார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது சரிதான் சார். மறுபடி விடுவேன்னு நெனச்சதுதான் தப்பு."

"ஒண்ணே ஒண்ணு. எப்பவாவது நீ விட்டா, நாலும் எனக்குத்தான்."

"சரி. அதுக்கு நீங்க நூறு வயசு இருக்கணும்."

"இருக்கேன்" என்றார், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்ன மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலும் ஒரே மேஜையில் ஏறின. குமிழைத் திருப்பினாள், இரண்டு பெட்டியும் சேர்ந்து நகர்ந்தன. இரண்டு முறை அழைத்ததும் கடல்தாண்டி ஒருவர் பதில் கொடுத்தார். 'சிக்னல் கொஞ்சம் கீச்சிடுகிறது' என்று குறையும் சொன்னார். நாலு நிமிஷம் பேசினார்கள்.

"என்ன சொன்னான்?" என்றார் கணவர்.

"அங்க மழையாம். கோழி வளக்குறாராம். என் சிக்னல் கீச்சுங்குதாம்."

"இதுக்கா நாலு பெட்டி?"

"ஆமாங்க" என்றாள்.

கீச்சொலி அடுத்த வாரம் ஒரு கண்டென்சரை மாற்றியதும் போய்விட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த ஸ்பீக்கரில் மோர்ஸ் அத்தனை தெளிவாக இல்லை. பெரும்பாலும் ஹெட்போனைத்தான் மாட்டிக்கொள்கிறாள். ஸ்பீக்கரைப் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்றைக்குக் கப்பல்காரர் வீட்டுக்கு வருவார். வந்தால், உட்கார்ந்ததும் காலை மடக்கி நாற்காலிக்கடியில் வைத்துக்கொள்வார்.