ரோபோவுக்கு நான் வைத்த பொட்டு

புது வண்டி எடுத்தால் திருப்போரூர் கோயில் வாசலில் பூஜை போடாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஓட்டமாட்டார்கள். சைக்கிளுக்கே சந்தனம் வைக்கிறவர்கள் நாங்கள். எட்டு மாதம் மாடாக உழைத்துக் கட்டிய ரோபோவை மட்டும் வெறும் நெற்றியோடு போட்டிக்குக் கூட்டிப்போவேனா? நான் டீம் கேப்டன் வேறு, காலேஜில் கடைசி வருஷம். போட்டி அன்று காலை டீமில் இருந்த இரண்டு பையன்களோடு கோயிலுக்குப் போனேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, குழைத்த சந்தனத்தை அள்ளி ரோபோவின் முன்பக்கம் அப்பினேன். எதிரே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சென்சார் அங்கேதான் இருந்தது, இரண்டு வட்டக் கண்கள் மாதிரி. இரண்டுக்கும் நடுவே பெரிய பொட்டு. அம்சமாகத்தான் இருந்தது.

அந்த சென்சாருக்கு ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டுகிற சால்டரிங் வேலையைச் செய்தவள் எங்கள் டீமின் ஒரே பெண், இரண்டாம் வருஷம். சதுரங்கப்பட்டினத்துக்காரி. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல், மகள் செய்ததைப் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு நேராகப் போட்டி நடந்த செங்கல்பட்டு காலேஜுக்கு வந்திருந்தார். ஒரு காலேஜுக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் தடவையாம்.

ரோபோ நன்றாகத்தான் கிளம்பியது. போட்டிக்காக வைத்திருந்த பெட்டிக்கு முன்னால் தானாக நின்று அதைத் தூக்க வேண்டும். எங்கே நின்றது? பெட்டியைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. மறுபடி விட்டோம், மறுபடி அதே கதை. மற்ற காலேஜ் பசங்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னா சால்டரிங் பண்ணிக்கீற நீ? எட்டு மாச வேலைய நாஸ்தி பண்ட்டியே. நாளைக்கு நீ வரவே வேணாம்."

அவள் அப்பா நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அது தெரிந்தேதான் கத்தினேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொயந்த தெரியாம பண்ட்டா தம்பி. மனசுல வச்சுக்காத."

நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரோபோவைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். சந்தனம் வழிந்து, சென்சாரின் ஒரு கண்ணுக்குள் இறங்கி, காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் கச்சிதமாக நின்றது. அவளும் அப்பாவும் அப்போது கேண்டீனில்தான் இருந்தார்கள், ஐம்பது அடி தூரம்கூட இல்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? சொல்லவில்லை. கேப்டனாம் கேப்டன்.

மறுநாள் போட்டியின் இரண்டாம் சுற்றில் அவள் இல்லாமல் ஓட்டினோம். மூன்றாம் பரிசு. எப்படிச் சரிசெய்தாய் என்று எங்கள் சார் கேட்டார். சால்டரிங்கை நானே மாற்றிவிட்டேன் என்றேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் லேபுக்கு வந்தாள். என் மேல் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணா, நான் எங்க தப்பு பண்ணேன்னு காட்டுங்கண்ணா. வூட்ல அப்பா அதையே கேட்டுக்கினு கீறாரு."

அப்போதாவது சொன்னேனா? இல்லை. அவளை உட்காரவைத்து, ஒரு மணி நேரம், இல்லாத தப்பைச் சொல்லிக்கொடுத்தேன். சூட்டுக்கோலை இப்படிப் பிடி, ஈயம் இன்னும் கொஞ்சம் விடு என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். கவனமெல்லாம் அடுத்த பொய்யில் இருந்ததில் நான் வைத்த இணைப்பு உருண்டையாகக் கோணிக்கொண்டு நின்றது. அவள் வைத்தது சின்னதாக, வழவழவென்று இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை உருக்கி எடுத்துவிட்டு, என்னுடையதைப் பார்த்துப் பார்த்து, அதேபோலக் கோணலாக வைத்துக் காட்டி, "இப்போ சரியாண்ணா?" என்று கேட்டாள்.

சரி என்றேன்.