ஸ்டென் துரை

சின்ன மாமாவின் உள்ளங்கையில் இரண்டு எண்ணெய்களின் மணம் கலந்திருக்கும். ஒன்று தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், மற்றது துவக்குத் துடைக்கும் எண்ணெய். அவர் வேலை முடிந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினால் அந்த இரண்டாவது மணம் இராச்சாப்பாடு வரைக்கும் மூக்கை விட்டுப் போகாது. இங்கே, கடல் கடந்து வந்து குடியிருக்கும் குவேக்கர்ஸ் ஹில்லில், மகன் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும்போது இன்றும் சில நாட்களில் அதே மணம் வருகிறது. நான் கராஜ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். அப்பாவுக்குப் பெற்றோல் மணம் ஒத்துக்கொள்ளாது என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான், நானும் திருத்தவில்லை.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. மன்னாரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த பொலிஸ் காவற்சாவடியில் கொன்ஸ்தாபிளாக இருந்தார். களவாகக் கடல் கடந்து வரும் வள்ளங்களைப் பார்த்துப் பிடிப்பதுதான் அங்கே வேலை. அந்தக் காவலுக்கு வெள்ளைக்காரர் விட்டுப்போன "ஸ்டென்கண்" துப்பாக்கிகள் சில கொடுக்கப்பட்டிருந்தன. குழாயையும் கம்பியையும் ஒட்டவைத்ததுபோல, மரக்கட்டை பெயருக்குக்கூட இல்லாமல், குண்டு போடும் ரவைக்கூடு கீழே தொங்காமல் இடப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சாமான். ஊரில் அதற்குத் "தகரத் துவக்கு" என்று பெயர். சைக்கிள் கடைக்காரன் மிச்சக் குழாயில் செய்ததுபோல இருக்கிறது என்று அப்பா சிரிப்பார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய வயது போகவேண்டியிருந்தது.

எதையும் எண்ணாமல் விடாத பிள்ளை நான். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும்போது மாமா ரவைக்கூட்டைக் கழற்றி எண்ணத் தருவார். முப்பத்திரண்டு கொள்ளும் கூட்டில் முப்பதுதான் இருக்கும். "நெருக்கினால் இறுகிப்போகும் மருமோன், இதுக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேணும்" என்பார். அம்மா எப்போதும் இரண்டு பேருக்குச் சோறு கட்டுவா. இரண்டாவது ஆள் அதே காவலில் இருந்த மாமாவின் கூட்டாளி மரியதாஸ். அவருக்கு ஊர் பேசாலை. எங்கள் வீட்டு மீன்குழம்பில் உப்புக் குறைவென்று ஒவ்வொரு நாளும் சொல்லி, ஒவ்வொரு நாளும் சட்டியை வழித்துத் தின்னும் ஆள். "உவனுக்குச் சம்பளம் அரசாங்கம் குடுக்குது, சாப்பாடு நான் குடுக்கிறன்" என்று அம்மா பொய்க்கோபம் காட்டுவா.

ஒரு பின்னேரம், காவலில் தேநீர் குடிக்கும் நேரத்தில், மரியதாஸ் தன் துவக்கைச் சுவரோடு சாத்தப் போனார். அது கைநழுவி, பிடிப்பக்கம் சீமெந்து நிலத்தில் அடித்து விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் அது தானாக வெடித்தது. மாமா எதிரே கதிரையில் கோப்பையோடு இருந்தார். யாருடைய விரலும் விசையில் இருக்கவில்லை. விசாரணை வைத்தார்கள், எவரிலும் குற்றமில்லை என்று முடிந்தது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அந்தச் சாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "துவக்கு விழுந்தது" என்றுதான் பேச்சு. அதற்குமேல் ஒரு சொல்லும் இராது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மரியதாஸ் வந்து வாசல் படலையடியில் நின்றார். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. தேநீர் ஊற்றி அக்காவிடம் கொடுத்து அனுப்பினா. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மாவைக் குறித்து "அக்கா உள்ளுக்கோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றாள் என் அக்கா. தேநீர் ஆறும் மட்டும் நின்றுவிட்டு, ஒரு மிடறும் குடிக்காமல் கோப்பையை மதிலில் வைத்துவிட்டுப் போனார். பிறகு எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் பெயரை அம்மா அதன்பின் உச்சரித்து நான் கேட்டதில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் "அந்தப் பெடியன்" என்பா.

ஆனால் அம்மாவுக்கு மன்னிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பங்குச் சுவாமியார் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிக்காமல் நற்கருணை வாங்க அம்மாவுக்குப் பயம். மாமாவின் உடுப்புகளைக் கொடுக்க வந்த சார்ஜன்ட் ஐயாவிடம், "உந்த ஸ்டென் எண்டால் என்ன?" என்று அவ கேட்டது என் முன்னால்தான். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். எங்கள் நாட்டில் அந்த நாளில் றோட்டுக்கும் பங்களாவுக்கும் பாலத்துக்கும் ஏதோ ஒரு துரையின் பெயர்தானே. "அதைக் கண்டுபிடிச்ச துரையின்ட பேராக்கும், அம்மா" என்றார். "உயிரோட இருக்கிறாரோ?" என்று அம்மா கேட்டா. "சண்டைக் காலத்து ஆள். ஆர் கண்டது?"

அன்று இரவு செபமாலை முடிந்து, செத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் இடத்தில், மாமாவின் பெயருக்கு அடுத்ததாக ஒரு புதுப்பெயர் வந்தது. "ஸ்டென் துரைக்கு, உயிரோட இருந்தால் மனச் சமாதானமும், இல்லாட்டி நித்திய இளைப்பாற்றியும் குடும் ஆண்டவரே." அப்பா தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார், பிறகு எங்களோடு சேர்ந்து ஆமென் சொன்னார். அந்த இடம் பின்னர் மாறவேயில்லை. பெயர்கள் கூடிக்கொண்டு போயின, அப்பாவின் பெயர் வந்தது, அம்மாவின் பெயரும் வந்தது. ஸ்டென் துரை மாமாவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். சின்ன வயதில் நான் அவரை சாய்வு நாற்காலியில் மீசையோடு உட்கார்ந்திருக்கும் மெலிந்த மனிதராக நினைத்து வைத்திருந்தேன். நாங்கள் சொல்லும் செபம் கேட்டால் அவர் என்ன செய்வார் என்று யோசித்திருக்கிறேன்.

நானும் அக்காவும் இரண்டு நகரங்களில் வந்து ஒதுங்கினோம். அவள் மெல்பர்னில், வெரிபீயில், மகளோடு இருக்கிறாள். இப்போது நடக்க முடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தொலைபேசியில் சேர்ந்து செபமாலை சொல்கிறோம். பெயர்களைச் சொல்வது அவளுடைய பங்கு.

போன மாதம் எங்கள் மூத்தோர் சங்கத்தார் மலைக்கு அப்பால் ஒரு சிறிய ஊருக்குப் பேருந்து பிடித்தார்கள். அங்கே பழைய துப்பாக்கிகள் வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகம். பேருந்தில் தலை எண்ணுவது என் வேலை. யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர் சுந்தரம், ஓய்வுபெற்ற பொறியியலாளர், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கும் ஆள். கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. குழாயும் கம்பியும், இடப்பக்கம் நீட்டிய கூடும். நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது.

பக்கத்துப் பலகையை மூன்று தரம் வாசித்தேன். பிரான்சுக் கரையில் தங்கள் ஆயுதங்களை விட்டுவிட்டுக் கடல் தாண்டி ஓடிவந்த படைக்கு, எதிரி வந்து இறங்குமுன் ஏதாவது ஒரு துவக்கு வேண்டியிருந்ததாம். அமெரிக்காவில் வாங்குவது கட்டுப்படியாகாமல், மலிவாக, விரைவாகச் செய்யக்கூடியதாக இதை வரைந்தார்கள். சின்னச் சின்னப் பட்டறைகளிலும், விளையாட்டுச் சாமான் செய்த தொழிற்சாலையிலும்கூட இதைச் செய்தார்கள். கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடியது என்பதும் அப்போதே தெரிந்திருந்தது; அதற்காகச் செய்வதை நிறுத்தவில்லை. கடைசியில் பெயர்க் கதை. வரைந்ததில் முக்கியமான இருவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்து ஒவ்வொன்று, ஆயுதசாலை இருந்த என்ஃபீல்ட் என்ற ஊரின் முதல் இரண்டெழுத்து. அந்த இரண்டெழுத்தும் இங்கிலாந்தைக் குறிப்பதாகச் சொல்வாரும் உண்டு என்று கீழே ஒரு வரி. ஆங்கிலத்தில் நாலு எழுத்து. நாலையும் கூட்டினாலும் ஓர் ஆள் வரவில்லை.

"நம்ம ஊரு இனிஷியல் மாதிரிதான் சார்" என்றார் சுந்தரம். "ஊர்ப் பேரு இருக்கு, அப்பன்மார் பேரு இருக்கு. சொந்தப் பேருதான் இல்ல."

நான் சிரிக்காததைக் கண்டு, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்று சொல்லி பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்தேன். திரும்பும்போது பேருந்தில் தலை எண்ண மறந்துவிட்டேன்.

அக்காவுக்குச் சொல்வதா விடுவதா என்று வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. இந்த வயதில் அவளிடமிருந்து ஒன்றைப் பறிக்க வேண்டுமா என்று ஒரு மனம். இல்லாத ஒருவருக்குச் சொல்லும் செபத்துக்குத் தெரிந்துகொண்டே ஆமென் போடலாமா என்று இன்னொரு மனம். செபமாலை தொடங்குமுன் சொல்லிவிட்டேன்.

"அப்பிடி ஒரு துரையே இல்லையோ?"

"இல்லை அக்கா. ரெண்டு பேரின்ட எழுத்தும் ஒரு ஊரின்ட எழுத்தும்."

"நீ உந்த மியூசியத்துக்குப் போகாமல் வீட்டில கிடந்திருக்கலாம்" என்றாள். "அப்ப அம்மா இவ்வளவு காலமும் ஆரையடா மன்னிச்சவ?"

நான் மேசையில் கிடந்த செபமாலையைக் கையில் எடுத்தேன். "சரி, தொடங்கு" என்றாள்.

செபமாலையின் ஐந்து காரணிக்கங்களும் முடிந்து பெயர்கள் வந்தன. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், மற்றவர்கள், சின்ன மாமா. அங்கே அக்கா நின்றாள். தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று நான் "அக்கா" என்றேன். "பொறு" என்றாள். அவள் படலையடிக்குத் தேநீர் கொண்டுபோன பிள்ளை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் கோப்பையை மதிலில் இருந்து எடுத்துவந்து கழுவி வைத்தவளும் அவள்தான்.

"பேசாலை மரியதாசுக்கு" என்றாள் அக்கா, அம்மாவின் அதே இழுப்பில். "உயிரோட இருந்தால் மனச் சமாதானமும், இல்லாட்டி நித்திய இளைப்பாற்றியும் குடும் ஆண்டவரே."

மன்னாரில் அந்தக் காவல் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் துவக்கைக் கையில் எடுத்த பொலிஸ்காரர் எவரும் இன்று அங்கே இருக்கமாட்டார்கள். ஸ்டென் துரையும் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் பெயர்களை எண்ணிக்கொண்டு வருகிறேன், ஒன்றும் குறையவில்லை.