மெக்கானிக் மாமாவின் வலைப்பூவுக்குப் பெயர் வைத்த கதை

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடம் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்தவர். லிஃப்ட் இல்லாத மாடிகளில் மெஷினை ஏற்றி இறக்கியே முதுகு போய்விட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பேச்சும் நின்றுபோனது.

"இப்படியே விட்டா இந்த மனுஷன் மரக்கட்டையா போயிடுவாருடி" என்று அக்கா என்னிடம் மூக்கைச் சிந்தினாள். அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். தெரிந்த வேலையை வலைப்பூவில் எழுதட்டும்.

மாமா தலையாட்டினார். ஆனால் பெயர் அமையாமல் ஒரு எழுத்தும் எழுத மாட்டாராம். ஐந்து வாரம் போனது. நோட்டில் நாற்பத்தொரு பெயர்கள். கட்டுரை ஒரு வரி கிடையாது. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு ஒரு வீடு. அவர்கள் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. தினமும் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போய் ஒரு பெயருக்குத் தீர்ப்புச் சொல்வது என் தலையெழுத்து.

"'சுழலும் சிந்தனைகள்' எப்படிம்மா?"

"மாமா, நீங்க எழுதப் போறது பெல்ட்டு, பம்ப்பு பத்தி. ஏதோ தத்துவம்னு பயந்து ஒரு ஈ காக்கா உள்ள வராது."

"அப்ப 'நுரையும் நானும்'?"

"பாத்ரூம்ல பாட்டுப் பாடுறவரு மாதிரி இருக்கு."

அக்கா குறுக்கே விழுந்தாள். "என் பேரையே வைங்களேன்."

"ஏன், நீ என்ன ரிப்பேரா?" என்றார் மாமா. அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான்காவது மாடி டீச்சரம்மா வந்து நின்றார். "மெஷின்ல தண்ணி வெளிய போகல. நாங்க ஒண்ணுமே பண்ணல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

மாமா போனில் சொல்லச் சொல்ல, நான் மேலே போய் ஃபில்டரைக் கழற்றினேன். இரண்டு ஹேர்பின், ஒரு பட்டன், ஒரு முழுக் கைக்குட்டை. கீழே வந்து சொன்னதும் மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரிப்பேருக்கு வரும் மெஷினில் பேப்பர் டேப் ஒட்டி, சொந்தக்காரர் சொன்ன புகாரை அட்சரம் பிசகாமல் எழுதுவது அவர் வழக்கம். "இருபத்திரண்டு வருஷமா டேப்புல இதே வரியத்தாம்மா எழுதுறேன். உள்ள செருப்பு கெடந்தாலும் நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடியிருக்கும்!"

"அப்ப அதையே பேரா வைங்க."

"பேரு மாதிரியே இல்லையே. கஸ்டமருங்க கோவிச்சுக்குவாங்க."

"புளுகுறவங்களுக்குக் கோவம் வேறயா? இன்னிக்கு எழுதல, அந்த நோட்ட அடுப்புல போட்டுருவேன்."

மாலைக்குள் 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு' என்ற பெயரில் முதல் கட்டுரை வந்துவிட்டது. பழக்கதோஷம், நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார். ஹேர்பின், பட்டன், கைக்குட்டை, நான்காவது மாடி.

மறுநாள் காலையில் டீச்சரம்மா போனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "மாடி நம்பரோடவா சார் போடுவீங்க? ஸ்கூலே சிரிக்குது."

மாமா பதறிப்போய் உடனே மாற்றினார். மூன்றாவது மாடி என்று.

தபால் கொடுக்க மேலே வந்த கேட் வாட்ச்மேன், "என்னக்கா, கர்சீப்பு காஞ்சிடுச்சா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கரண்டியும் கையுமாகக் கீழே இறங்கினேன். அக்கா வாசலிலேயே என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடி. காலையிலேர்ந்து மூணு பேரு சந்தேகம் கேட்டிருக்காங்க. பதில் எழுதிட்டிருக்காரு."

எட்டிப் பார்த்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார் மாமா. "பக்கெட் பக்கெட்டா சோப்பு கொட்டினா அது மெஷினா, குப்பைத்தொட்டியா?" என்று யாரையோ திட்டிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

கரண்டியை இறக்கினேன். "சரி, எழுதி முடிச்சதும் அத ரெண்டாவது மாடின்னு மாத்தச் சொல்லு."

"ரெண்டாவது எங்க வீடுடி!"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.