பாதிக் கொண்டெய்னர்

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். மலேசியாவில் எங்கள் ஊரான பகாவ் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த பெரியவர், தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த தன் பெட்டிகளை எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்கால் சுற்றி, மேலே கயிறும் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தார். உள்ளே தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. என் அண்ணியின் கண்ணில் சரக்கு பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அண்ணியின் கடை அவர் கடைக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டு பேரும் விற்றது பாத்திரம். இரண்டு பேர் சரக்கும் ஒரே கொண்டெய்னரில் வந்தது.

அண்ணி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வந்தபோது வெளியே வந்து இந்தக் கடையைத் திறந்தார். கோலாலம்பூர் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்றால் கடை வாடகைக்குத்தான் சரியாக இருக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் செய்கிறவர்களிடமே நேரே வாங்கலாம். விலை ரொம்பக் குறைவு. ஆனால் கொஞ்சம் பெட்டிகளை மட்டும் கப்பலில் போட்டால் துறைமுகச் செலவு, ஏஜெண்டு கூலி, லாரி வாடகை எல்லாம் அந்தக் கொஞ்சத்தின் தலையில் வந்து விழும். கொண்டெய்னர் நிறைந்தால்தான் கட்டுப்படியாகும். அண்ணியால் பாதியைத்தான் நிரப்ப முடிந்தது. மற்றவர்களாக இருந்தால் சிரம்பான் பக்கம் போய் மற்ற பாதிக்கு ஆள் தேடியிருப்பார்கள். அண்ணி நேரே தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தார். என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பெரியவரும் அதே மொத்த வியாபாரியிடம்தானே அவதிப்படுகிறார் என்பது அண்ணியின் கணக்கு. பெரியவர் பல நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். யார் பெட்டியையும் யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தீபாவளி கைகொடுக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடியும் தொழிற்சாலை வேலைக்கே போய்விடுவதாக அண்ணி என்னிடம் சொல்லியிருந்தார். அவர் நம்பியிருந்தது ஒரு முறுக்கு அச்சை. அழுத்திப் பிழிய வேண்டாம், மேலே உள்ள கைப்பிடியைச் சுற்றினால் போதும். கைவலிக்காரப் பெண்கள் இதை விடவே மாட்டார்கள் என்றார். இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது என்று அதைப் பற்றி வீட்டில்கூட மெதுவாகத்தான் பேசினார்.

கடைத்தெருவில் கொண்டெய்னர் லாரி திரும்ப இடமில்லை. அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் திடலில் சரக்கை இறக்கினோம். நானும் அண்ணனும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தோம். பாதி இறக்கியிருப்போம், என் கையிலிருந்து ஒரு பெட்டி நழுவி விழுந்து வாய் பிளந்தது. முறுக்கு அச்சுகள் உருண்டு போய்ப் பெரியவரின் செருப்பில் முட்டி நின்றன. அச்சுகளைப் பார்த்ததும், பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தன் பெட்டியை நாங்கள் வேண்டுமென்றே உடைத்துவிட்டதாக அவர் சத்தம் போட ஆரம்பித்தார். அது அண்ணியின் பெட்டி. அண்ணி பெட்டியின் பக்கவாட்டில் இருந்த தன் கடைப் பெயரைக் காட்டினார். பெரியவர் அதைப் படித்தார். பிறகு தானே குனிந்து தன் பெட்டி ஒன்றின் கறுப்பு பிளாஸ்டிக்கைக் கிழித்தார். அதே அச்சு, அதே கைப்பிடி. ஒரே பட்டறைக்காரன் இரண்டு பேரிடமும் 'உங்களுக்கு மட்டும்தான்' என்று சொல்லி விற்றிருக்கிறான்.

பெரியவரின் கடை சொந்தக் கட்டடம், வாடகைக் கவலை கிடையாது. அடக்க விலைக்கே அவர் விற்கலாம். அவரும் அதைத்தான் சொன்னார்.

"நாளைக்கே நான் வெலைய எறக்குனா ஒன்னால தாக்குப் பிடிக்க முடியாது. தெரியும்லா?"

அண்ணி சிதறிய அச்சுகளைப் பொறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "முடியாதுதான் அண்ணே. கடைய மூடிருவேன். அடுத்த வருஷம் கொண்டெய்னர்ல மத்த பாதிய யாரு நெரப்புவா?"

மறுநாள் காலையில் முதல் தடவையாகப் பெரியவர் தெருவைக் கடந்து அண்ணியின் கடைக்கு வந்து, என்ன விலை போடப் போகிறாய் என்று கேட்டார். இரண்டு கடையிலும் ஒரே விலை தொங்கியது. அண்ணியின் கடை பிழைத்தது. அடுத்த வருஷம் இரண்டு பேரும் ஒரே ஆர்டராகச் சேர்த்துக் கொடுத்தார்கள். பட்டறைக்காரன் விலையை இன்னும் குறைத்தான். கறுப்பு பிளாஸ்டிக் அதன் பிறகு வரவில்லை. அதற்காக அவர்கள் உறவாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளருக்காகக் கடைசி வரைக்கும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெரியவர் காலமானதும் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். இனி உனக்குப் போட்டியே இல்லை என்று தெருவில் ஒருவர் அண்ணியிடம் சந்தோஷமாகச் சொன்னார். அண்ணிக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் கொண்டெய்னர் எடுக்க முடியவில்லை. மறுபடியும் கோலாலம்பூர்க்காரர் வாசலுக்கே போனார்.

இப்போது சரக்கை நான்தான் கைப்பேசியில் ஆர்டர் செய்துகொடுக்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் ஏஜெண்டு பத்துப் பேருடைய சின்னச் சின்னச் சரக்கைச் சேர்த்துக் கொண்டெய்னரை நிரப்புகிறார். நம் பெட்டி அடைக்கும் இடத்துக்கு மட்டும் கட்டணம். அன்றைக்கு இது இருந்திருந்தால் அண்ணி தெருவைக் கடந்திருக்கவே வேண்டாம். போன மாதம் ஆர்டர் போட்டபோது, நம்மோடு யார் சாமான் வருகிறது என்று அண்ணி கேட்டார். யாரோ, தெரியாது, நமக்கு எதற்கு, செலவு குறைவுதானே என்றேன். பெரியவரின் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. அண்ணி அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"செலவு கம்மிதான் தம்பி. ஆனா நாளைக்கு நான் கடைய மூடுனா, யாருக்கும் ஒண்ணும் ஆவாதுலா."